நாயகிக்காக மன்னிப்புக் கேட்டவள்

குரலக்காவுக்கு முகம் கிடையாது. அதாவது, ஊருக்குத் தெரிந்த முகம் கிடையாது. திரையில் வாயசைப்பவர் ஒருவர், பேசுவது இன்னொருவர் என்று இருக்கிற சினிமாத் தொழிலில், அவள் பேசுகிறவள். மேடையேறினால் கையைக் கூப்பிவிட்டுப் பேசாமல் இறங்கிவிடும் பெரிய நாயகி ஒருத்தி இருக்கிறாளே, அவள் படத்தில் சிரிப்பது, சிணுங்குவது, காதலனை வாங்கு வாங்கென்று வாங்குவது எல்லாம் குரலக்காதான். காய்கறிக் கடையில் "அரைக் கிலோ தக்காளி" என்றால் போதும், கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார்.

"எங்கேயோ கேட்ட குரலா இருக்கேம்மா?"

"எங்கயாவது கேட்டிருப்பீங்க" என்று பையை நீட்டுவாள்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது கால் சூம்பிவிட்டது. தாங்கித் தாங்கித்தான் நடப்பாள். நடிக்க ஆசைப்பட்டுப் படியேறிய இடத்தில் எல்லாம், "குரல் தங்கம்மா, ஆனா..." என்று இழுத்துக் காலைப் பார்த்தார்கள். அந்த 'ஆனா'வை யாரும் முடித்ததில்லை. சரி, குரலை மட்டும் வாங்கிக்கொள்கிற இடமாகப் பார்ப்போம் என்று ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள். குழந்தை அழுகையில் ஆரம்பித்து, கூட்டத்தில் கத்தி, கடைசியில் நாயகி வரை வந்து சேர்ந்தாள். கண்ணாடி அறைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் காலை யார் பார்க்கிறார்கள்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண் விழுந்தது. நாயகி பேரும் புகழும் இல்லாத நாளில் இணையத்தில் போட்ட ஒரு பழைய பதிவை யாரோ தோண்டி எடுத்துவிட்டார்கள். சாலையைக் கடக்கிற, கால் விந்தி நடக்கும் ஒரு பெண்ணை முதுகுப் பக்கமிருந்து எடுத்த படம். அதன் கீழே, "நடக்கிறாங்களா, டான்ஸ் ஆடறாங்களா? டிக்கெட் எங்க வாங்கணும்?" பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை முகங்கள். ஒரே நாளில் ஊர் கொந்தளித்தது. சோப்பு விளம்பரத்திலிருந்து நாயகியைத் தூக்கினார்கள். குரலக்கா பாதி பேசி முடித்திருந்த படம் அப்படியே நின்றது. நேற்றுவரை நாயகியைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள்தான் இன்று முதல் ஆளாகக் கல்லெடுத்தார்கள்.

குரலக்கா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அது அவள் இல்லை. செருப்பு வேறு, சடை வேறு. தான் இல்லை என்று தெரிந்தும் ஏன் காது சூடாகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. நாயகியின் மேல் கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் திட்ட வாயெடுத்தால், திட்டுவதும் நாயகியின் குரலாகவே கேட்டது. என்ன கண்றாவி இது என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகளுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. பள்ளிக்கூட நாளில் அம்மாவின் நடையைப் பார்த்துச் சிரித்த ஒருவனைக் கையில் கடித்து வைத்தவள் அவள்.

"இனிமே அவளுக்கு நீ பேசக்கூடாதும்மா. உன்னப் பாத்துச் சிரிச்ச மாதிரிதான் அது. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வருது."

மறுநாள் நாயகியின் மேலாளர் போன் செய்தார். "அக்கா, மேடம் மன்னிப்புக் கேக்கற மாதிரி ஒரு வீடியோ எடுத்திருக்கோம். நீங்க வந்து பேசிக் குடுத்துருங்க."

"மன்னிப்பையுமா சார் நான் பேசணும்?"

"பின்ன? அவங்க சொந்தக் குரல்ல பேசினா வேற யாரோன்னு நினைப்பாங்க. ஜனங்களுக்குத் தெரிஞ்ச குரல் உங்களோடதுதானே?"

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. "அவங்களும் வரட்டும். வந்தா பேசறேன்" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அந்த மன்னிப்பு வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த 'ஆனா'வுக்காக அவளிடம் ஒருத்தரும் வருத்தப்பட்டதில்லை. யாராவது ஒருத்தர் நேருக்கு நேர் கேட்டால் தேவலை என்றிருந்தது.

நாயகி வந்தாள். குரலக்கா வேண்டுமென்றே அவள் எதிரில் அந்த நீள வராந்தாவை நடந்து காட்டினாள். நாயகியின் கண் காலில் விழுந்தது, முகம் வெளுத்தது. எத்தனையோ படங்கள் ஆகியும் அவள் குரலக்காவை ஸ்டூலில் உட்கார்ந்தபடிதான் பார்த்திருக்கிறாள்.

"அக்கா... எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

நாயகி காலிலிருந்து கண்ணை எடுத்து வராந்தாச் சுவரைப் பார்த்தாள்.

"சரி, உள்ள போய் உங்களுக்காகப் பேசறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை நீங்களே சொல்லுங்க. உங்க குரல்லயே."

நாயகி வாயைத் திறந்தாள். அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு கட்டைக்குரல் வந்தது. "சாரிக்கா. அப்ப சின்னப் பொண்ணு. நாலு பேர் சிரிப்பாங்கன்னு போட்டேன். தப்புதான்."

அவ்வளவுதான். பஸ்ஸில் நிறுத்தத்தின் பேர் சொல்வது போல, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

மூச்சு எங்கே தடுக்கும், தொண்டை எப்போது அடைக்கும் என்று அழுகையைப் பிரித்துப் பிரித்துப் பேசிப் பிழைத்தவளுக்கு இது பிடிபடவில்லை. வெட்கத்தில் குரல் செத்துவிட்டதா, இல்லை உள்ளே ஒன்றுமே இல்லையா? மனசாரத்தான் சொன்னாயா என்று கேட்கலாம். கேட்டால் அதற்கும் இதே குரலில்தானே பதில் வரும்? மைக்கில் சத்தம் கேட்காமலிருக்க வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனாள்.

திரையில் நாயகி சத்தமில்லாமல் வாயசைத்தாள். முதல் தடவையே உதடு பொருந்திவிட்டது. ஒலிப்பதிவாளருக்குத் திருப்தி இல்லை. "அக்கா, 'உங்களை'ன்னு வர்ற இடத்துல கொஞ்சம் உடைஞ்சா நல்லாருக்கும்."

"உங்களைப் பார்த்துச் சிரிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க" என்று மறுபடி ஆரம்பித்தவள், யார் இந்த 'உங்களை' என்று ஒரு கணம் தடுமாறினாள். அது தான்தான் என்று உறைத்ததும் நிஜமாகவே அழுதுவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கட்டை விரலை உயர்த்தினார். நாயகி தலையைக் குனிந்திருந்தாள். அழுகிறாளா, போனைப் பார்க்கிறாளா, தெரியவில்லை.

வீடியோ வெளியானதும் ஊர் இளகிவிட்டது. கல்லெடுத்தவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நின்ற படம் மறுபடி ஆரம்பிக்கிறது என்று மேலாளர் போனில் சிரித்தார்.

அந்த மன்னிப்பைப் பேசியது தான்தான் என்று மகளிடம் மட்டும் குரலக்கா வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் இருந்த குரலக்காவுக்குக் கேட்டது தன்னுடைய விம்மல். தொலைந்தோம், வீடு ரெண்டாகப் போகிறது என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மகளின் கண் கலங்கியிருந்தது.

"பாவம்மா அவ. எப்படி அழறா பாரு. போனாப் போறா, விட்டுரலாம்."

"அழுதது நான்டி."

"தெரியும்மா. உன் குரல் எனக்குத் தெரியாதா?" மகள் மறுபடியும் திரையைப் பார்த்தாள். "ஆனாலும் கேக்கக் கேக்கக் கோபம் போயிருச்சே. நான் என்ன செய்ய?"

குரலக்கா மகளைப் பார்த்தாள். தனக்காகக் கோபப்பட இருந்த ஒரே ஆள் இவள்தான். இவளையும் தன் வாயாலேயே சமாதானம் செய்தாயிற்று. தன் கோபம் மட்டும் உள்ளே அப்படியே இருக்கிறது, இனி அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று விளங்காமல், "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா" என்றாள்.