வருடத்துக்கு அரை விரற்கடை

மலைக்கும் வயதானால் தோள் சரியும், தொந்தி தள்ளும். அதை அளந்து எழுதத்தான் அவருக்குச் சம்பளம். இருபத்திரண்டு வருடங்களாக, மழைக்காலம் முடிந்த முதல் வாரத்தில், ஊருக்கு எதிரே உள்ள சிமெண்டுத் தூணில் கருவியைப் பொருத்தி, சரிவில் அடித்து வைத்த பன்னிரண்டு இரும்புக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அலுவலகத்தில் அவர் பெயர் 'மலைமாமா'. அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

அங்கே ஒரு வழக்கம். போன வருடத்தைவிடக் கம்பி ஒரு விரற்கடைக்குள் நகர்ந்திருந்தால் அது கருவியின் பிசகு. பதிவேட்டில் 'மாற்றமில்லை' என்று எழுதிவிட வேண்டியது. கம்பிகளோ வருடத்துக்கு அரை விரற்கடைதான் இறங்கின. கூட்டிப் பார்க்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு இவருக்குத் தோன்றியது. ஒன்பதரை விரற்கடை வந்தது. அதிகாரியிடம் போய்ச் சொன்னார்.

"இத்தனை வருஷமா நீங்க எழுதினதெல்லாம் தப்புன்னு எழுதித் தரீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

இவர் தரவில்லை. வேலை போய்விடும் என்று பயம்.

அந்த வாரமே, மலையடியில் குடியிருந்த தங்கை வந்து நின்றாள். சுவரில் விரிசலாம்.

"வீட்டைக் காலி பண்ணிடட்டுமா, அண்ணா?"

"மலை இருந்த இடத்துலதான் இருக்கு. நீ போய்ச் சுவரைப் பூசற வழியைப் பாரு."

இந்த வருட மழையில் சரிவு மொத்தமாக இறங்கிவிட்டது. தங்கை வீட்டுக்குள் இருந்தாள்.

அவர் அழவில்லை. பத்து நாள் கழித்து வேலைக்குப் போய்ப் புது மலையை அளந்தார். முன்பிருந்த தோள் இல்லை. அடிவாரம் மட்டும் பெருத்திருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி, எதுவும் உறைக்கவில்லை.

அன்று மாலை தங்கையின் கணவர் வீட்டுக்கு வந்தார். சரிவு இறங்கிய அன்று வெளியூரில் இருந்ததால் பிழைத்தவர்.

"அதே இடத்துலயே கட்டலாம்னு இருக்கேன், மச்சான். அவ ஆசையா வாழ்ந்த இடம். இனிமே மலை அசையாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

தலையாட்டியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

"அசையும் மாப்பிள்ளை. முன்னாடியும் அசைஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

"அவ வந்து கேட்டப்பவா?"

"ஆமா."

சட்டையைப் பிடிப்பார் என்று காத்திருந்தார். பிடித்திருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. மாப்பிள்ளை எழுந்து செருப்பை மாட்டினார்.

"சாமானெல்லாம் கட்டி வச்சிருந்தேன் மச்சான். அண்ணனே சொல்லிட்டாருன்னு அவதான் ஒவ்வொரு மூட்டையா பிரிச்சா."