மத்தியதரைக்கடல் உணவகத்தில் மீன் கிடையாது

இந்த ஊரில் யார் எதைச் சொன்னாலும் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். படிப்பகத்துக்கு வருபவர்களுக்காக இந்தத் தாளை ஒட்டுகிறேன்.

நம் தெருமுனையில் இன்று ‘மத்தியதரைக்கடல் உணவகம்’ திறந்திருக்கிறது. பலகைக்கு எதிரே இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றார்கள்.

“கோயிலுக்குப் போற வழியில மீன் ஓட்டல் தெறந்துக்கினு இருக்கான், பாருபா.”

“தரைன்னும் போட்டிருக்குதே?”

“மீனைத் தரையில பரப்பி வெச்சி விப்பான்.”

மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அங்கே வந்ததோ எள் வறுபடும் வாசனை.

ஓட்டல்காரன், என் தங்கையைப் பெண் பார்க்க வந்து, பஜ்ஜியைத் தின்றுவிட்டு, வேண்டாமென்று போய்க் கப்பலில் சமையலுக்குச் சேர்ந்தவன். அவனோடு நான் பேசுவதில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை, உள்ளே போனேன். அவன் அடுப்படியில் இருந்தான். பரிமாறியது அவன் மனைவி.

“வாங்கண்ணா. கொண்டைக்கடலைய அரைச்சி எள்ளு சேர்த்ததுண்ணா. காலையிலேர்ந்து ஒருத்தரும் வரல. இப்பிடியே போனா மறுபடியும் கப்பலுக்கே போறேன்றாரு.”

ரொட்டியைக் கிழித்துத் தோய்த்துத் தின்றேன். சுண்டலாவதைத் தவிர கொண்டைக்கடலைக்கு வேறு கதியில்லை என்றல்லவா இத்தனை வயது வரை நினைத்திருந்தேன்! இன்னொரு தட்டும் கேட்டு வாங்கினேன்.

ஆகவே நண்பர்களே, அது கடல் இல்லை, கடலை. இன்று மாலையே போங்கள், அவனைக் கப்பலேற விடாதீர்கள். சாப்பிட்டவர்கள் இதன் கீழே ஒரு வரி எழுதுங்கள்.

நான் மட்டும் பெயர் எழுதப் போவதில்லை. எழுதினால் நன்றி சொல்ல வந்து நிற்பான். எனக்கு அவன் சமையலோடு சண்டை இல்லை, அவனோடு இருக்கிறது.