ஒண்ணாம் நம்பர் பீரோ

ரெக்கார்டு ரூம் குமாஸ்தா என்றால், இருக்கிற பைலை இல்லையென்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் என்று அர்த்தம். தாள் தூசியில் தும்மித் தும்மியே ரிடையரான சகாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில் செஞ்சியில் ஒரு சர்க்கார் ஆபீசில் இருந்தேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கதவில் ஒட்டிய காகிதம்

எங்கள் ரெக்கார்டு ரூம் கதவில் டைப் அடித்த காகிதம் ஒன்று ஒட்டியிருக்கும். எந்த நிலத்தின் வரைபடம் கேட்டாலும் முதலில் ஒண்ணாம் நம்பர் பீரோவைப் பார், இல்லாவிட்டால் இரண்டாம் நம்பர், அதிலும் இல்லாவிட்டால் பரண். கிடைத்த இடத்தோடு தேடுவதை நிறுத்து. ஒட்டிய காலத்தில் அது சரிதான். பிறகு நிலங்களையெல்லாம் புதிதாக அளந்து, புதுப் படங்களை இரண்டாம் நம்பரில் அடுக்கினார்கள். ஒண்ணாம் நம்பரிலிருந்த பழையதை யாரும் எடுக்கவில்லை. ஆக, யார் வந்து கேட்டாலும் தாத்தா காலத்துப் படமே கைக்கு வரும்.

வரிசையை மாற்றலாமே என்று ஹெட் கிளார்க்கிடம் சொன்னேன். காகிதத்தில் கையெழுத்துப் போட்ட ஆபீசர் காலமாகி வருஷக்கணக்காகிறது. ஹெட் கிளார்க்குக்கோ மூக்குக்கண்ணாடி துடைப்பதுதான் முழுநேர உத்தியோகம். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பெரிய ஆபீசர் கையெழுத்துய்யா அது. அவரே வந்து மாத்தட்டும்."

தப்பான கிணறு

தொண்டூரிலிருந்து முனுசாமி என்ற விவசாயி வந்தார். மோட்டார் செட்டுக்குக் கரண்ட் கேட்டிருந்தார். கிணறு அவர் நிலத்துக்குள்தான் இருக்கிறது என்று காட்ட வரைபட நகல் வேண்டும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தண்ணீரில்லாமல் வாடுகிறது, சீக்கிரம் கொடுங்கள் என்றார். புதுப் படம் இரண்டாம் நம்பரில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் ஹெட் கிளார்க் பக்கத்திலேயே நின்றார். காகிதம் சொன்னபடி பழையதை எடுத்துக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பத்தாம் நாள் முனுசாமி திரும்பி வந்தார். படத்தில் கிணறே இல்லையே என்று மின்சார ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இருக்காதே, கிணறு வெட்டியதற்கு முந்தைய படம் அது. ஹெட் கிளார்க் அதை வாங்கித் தலைகீழாகக்கூடப் பார்த்தார். சீல் சரி, கையெழுத்து சரி. கடைசியில் முனுசாமியிடம் தீர்ப்புச் சொன்னார்: "படம் கரெக்டாத்தான் இருக்குது. உன் கெணறுதான் தப்பு."

இரண்டு தகரத் துண்டுகள்

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹெட் கிளார்க் சாப்பிடப் போனதும், பீரோக்களில் தொங்கிய நம்பர் தகரங்கள் இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டினேன். இப்போது புதுப் படங்கள் இருந்த பீரோதான் ஒண்ணாம் நம்பர். காகிதத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஹெட் கிளார்க் திரும்பி வந்ததும், முனுசாமிக்காக இன்னொரு தடவை தேடிப் பார்க்கலாமே என்றேன். அவர் காகிதத்தைப் படித்து, ஒண்ணாம் நம்பரைத் திறக்கச் சொன்னார். படம் கிணற்றோடு வந்தது. காகிதத்தின் மகிமையைப் பற்றி அரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். நானும் தலையாட்டினேன்.

நான் தகரம் மாற்றியதை முனுசாமி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். நகலை மடித்து மடியில் செருகிக்கொண்டு, வாசல்வரை வந்த என்னிடம் நிதானமாகச் சொன்னார்: "இத அன்னிக்கே செஞ்சிருந்தா மல்லாட்ட பொழச்சிருக்கும் சார்."

ஹெட் கிளார்க்குக்கு மூளை கிடையாது, எனக்கு முதுகெலும்பு கிடையாது, ஆனாலும் எங்கள் ஆபீஸ் ஒரு நாளும் தாமதமாகத் திறந்ததில்லை.