கமலா சொன்ன மூன்று வாக்கியங்கள்

பதுளையில் நான் ஆங்கில ஆசிரியராக இருந்த காலம் அது. ஒரு சொல்லைக் கொடுத்தால் பிள்ளை எழுந்து நின்று அதை வைத்து வாக்கியம் சொல்ல வேண்டும். அன்று கரும்பலகையில் எழுதியவை எல்லாம் மனச்சோர்வைக் குறிக்கும் சொற்கள்: குளூமி, மிசரபிள், ஹோப்லெஸ்.

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் கமலா எழுந்தாள். தன் அம்மா குளூமியாக இருக்கிறாள், கொழுந்து பறிக்கப் போவதில்லை என்றாள். மிசரபிளாக இருக்கிறாள், சாப்பிடுவதில்லை என்றாள். ஹோப்லெஸாக இருக்கிறாள், யாரோடும் பேசுவதில்லை என்றாள். எல்லாம் ஆங்கிலத்தில், ஒரு பிழை இல்லாமல். நான் பூரித்துப்போனேன்.

"வெரி குட். இரு பிள்ளை" என்று அவளை உட்காரச் சொன்னேன். வகுப்பைக் கைதட்டவும் வைத்தேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அம்மா உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று பிறகுதான் தெரிந்தது.

திரும்பி வந்தவளிடம், "வீட்டு நிலைமையை எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றேன்.

"சொன்னேனே சேர்" என்றாள், தலை நிமிராமல். "சரின்னு சொல்லி உக்கார வச்சீங்க."

அதையே அவள் தமிழில் சொல்லியிருந்தால் பதறிப்போயிருப்பேன். ஆங்கிலத்தில் சொன்னதால் பிழை இருக்கிறதா என்று மட்டும் கவனித்தேன். இப்போதெல்லாம் ஒரு பிள்ளை வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும், சரி என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.