ஏழு நாள் பொம்மை

அந்தப் பொம்மையின் குரலைக் கேட்டிருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை. பழுப்புத் தாள் சுற்றி, சணல் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு அரக்கு வைத்த பெட்டி அது. லேசாகச் சாய்த்தால் உள்ளிருந்து "ம்மா" என்று ஒரு சத்தம் வரும். அப்போது எனக்குப் பத்து வயது. எண்பத்தைந்து முடிந்தும் அந்தச் சத்தத்தை நினைத்தால் அப்பாவின் மேல் கோபம்தான் வருகிறது. செத்துப்போனவர் மேல் இன்னும் என்ன கோபம் என்று மகள் கேட்கிறாள். இருக்கிறதே, என்ன செய்ய?

கறம்பக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஊர்த் தபாலாபீசும் அவர் பொறுப்பு. வீட்டு முன்னறைதான் ஆபீஸ். யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய காலம். எங்கள் பக்கம் வேலை பார்த்துவிட்டு எங்கேயோ மாற்றலாகிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு, சென்னைக் கடை ஒன்றிலிருந்து கிறிஸ்துமஸ் கேட்லாக் வருடம் தவறாமல் வரும். துரையின் புது விலாசம் யாருக்கும் தெரியாது. அப்பா அதை ஏழு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்புவார். புக் போஸ்ட் என்பதால் உறையின் இரு முனையும் திறந்தே இருக்கும். அவர் குளிக்கக் குளத்துக்குப் போகும் நேரத்தில் நான் புத்தகத்தை உருவிப் பார்த்துவிட்டுப் பழையபடி செருகிவிடுவேன். சாவி கொடுத்தால் ஓடும் ரயில், மேளமடிக்கும் தகரக் குரங்கு, ஆடும் குதிரை. எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்குப் புதுப் பாவாடையும் அதிரசமும் உண்டு. விளையாட என்று கேட்டால், குடிலில் வைத்த களிமண் ஆட்டைக் காட்டுவார்கள். அந்த ஆட்டை வைத்துக்கொண்டு எத்தனை வருடம்தான் விளையாடுவது?

அந்த வருடம் கேட்லாக்கில் ஒரு பொம்மை வந்திருந்தது. படுக்கவைத்தால் கண்ணை மூடும், சாய்த்தால் அம்மாவைக் கூப்பிடும் என்று எழுத்துக்கூட்டிப் புரிந்துகொண்டேன். கடைசிப் பக்கத்து ஆர்டர் தாளைக் கிழித்தேன். பொம்மையின் நம்பரையும் என் பெயரையும் விலாசத்தையும் இங்கிலீஷில் எழுதினேன். ஞானஸ்நானத்தில் என்னை ஏந்திய ஞானத்தாய்க்குக் கடிதம் போட வேண்டும் என்று அப்பாவிடமே பொய் சொல்லித் தபால்தலையும் வாங்கினேன். வி.பி.யில் பெட்டி வந்த பிறகு பணம் கட்டினால் போதும் என்பது தபாலாபீஸ் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? வந்து இறங்கிவிட்டால் அப்பா கட்டிவிடுவார் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

பெட்டி வந்தது. அப்பா விசாரித்தார், எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

"அடுத்தவுக தபாலக் கிழிச்சு வாங்குன சாமான் இந்த வீட்டுல தங்கக்கூடாது. வேணாம்னு எழுதிக் கையெழுத்துப் போடு," என்றார்.

"போட மாட்டேன்."

"போடாட்டி ஏழு நாள் வச்சிருந்துதான் அனுப்பணும். அதான் ரூல்."

மகளுக்கு ரூல் பேசிய மனுஷன் அவர். பெட்டி ஆபீஸ் மூலையில் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தது. அவர் தலை மறைந்ததும் போய்ச் சாய்த்துப் பார்ப்பேன். "ம்மா" என்னும். "கொஞ்சம் பொறு," என்பேன். ஒரே கூரைக்கு அடியில் அது இருந்தது, நான் இருந்தேன், நடுவில் ஒரு தாள்தான். நகத்தால் கீறினால் கிழிந்துவிடும். கீறவில்லை. ஏன் கீறவில்லை என்று என் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

ஐந்தாம் நாள், என்னைப் பெற்ற ஆத்தா பண்டிகைக் குழம்புக்கென்று வளர்த்த இரண்டு கோழிகளை விற்று, பணத்தை அப்பாவின் மேசையில் வைத்தாள். "கட்டியாச்சு. பொட்டியக் குடுங்க."

அப்பா பணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தபாலாபீஸ் இத வாங்கிக்கிரும். இவ அப்பன் வாங்க விடமாட்டான்."

"அப்ப தபாலாபீஸும் இவ அப்பனும் கலந்து பேசி ஒரு முடிவச் சொல்லுங்க," என்றுவிட்டு ஆத்தா உள்ளே போனாள். முடிவு மாறவில்லை. அவர் செய்தது நியாயம்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நியாயம்தான், யார் இல்லை என்றது? பத்து வயதுப் பிள்ளை கேட்டது நியாயத்தை அல்ல.

ஏழாம் நாள், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், அப்பா பெட்டியைத் தூக்கித் தபால் பைக்குள் இறக்கினார். பைக்குள்ளிருந்து "ம்மா" என்றது. அவர் கை அப்படியே நின்றது. வாசலில் தபால் பைக்காரர் காத்திருந்தார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. பையின் வாயைக் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பொம்மையும் இல்லை, கோழியும் இல்லை. அடுத்த வருடம் யுத்தம் வந்தது, கேட்லாக் வருவதும் நின்றது.

இப்போது புதுக்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேத்தி போனைத் தட்டினால் இரண்டு நாளில் பெட்டி வந்து நிற்கிறது. பிரிக்க நேரமில்லாமல் வாசலிலேயே கிடக்கும். நேற்றும் ஒன்று வந்தது. நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்து, "அது செருப்பு, அம்மாச்சி," என்றாள்.

தெரியும். இருந்தாலும் ஒரு தடவை சாய்த்துப் பார்த்தேன்.