நாலு டிகிரியில் ஒரு காலி ஃப்ரிட்ஜ்

ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை ஒட்டி வைத்து, கம்ப்ரசர் தொடங்கும்போது வரும் முனகலைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று மாமா சொல்லிவிடுவார். கருவிப்பெட்டியைத் திறப்பது அதற்குப் பிறகுதான். முப்பத்தொரு வருடத் தொழில். தெருவில் அவரைக் ‘கூலிங்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டென்று கோபம் வருகிற மனிதருக்கு இப்படி ஒரு பெயர் அமைந்ததில் அத்தைக்குத் தீராத சிரிப்பு.

ஆனால் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடாது. சமையலறையில் நின்ற அந்தப் பழைய பெட்டிக்குள் அத்தை சர்க்கரை டப்பாவையும் இரண்டு குடைகளையும் வைத்திருந்தாள். எறும்பு வராத அலமாரி அது ஒன்றுதான் என்பாள்.

“ஊர்ல இருக்கிற ஃப்ரிட்ஜெல்லாம் இவர் பெத்த பிள்ளைங்க. இது மட்டும் யாரோ வாசல்ல விட்டுட்டுப் போனது.”

“ஞாயித்துக்கிழமை பார்க்கிறேன்” என்பார் மாமா. எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது ஐம்பத்திரண்டு. இரண்டு வகை மருந்து ஏற்றினார்கள். இரண்டும் கேட்கவில்லை. கடைசி மருந்து அவள் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிவிட்டுப் போனதுதான் மிச்சம். டாக்டர் எங்களை அறைக்குள் கூப்பிட்டு, கையில் இருக்கிற மருந்துகள் தீர்ந்துவிட்டன என்றார். கதவுவரை வந்து வழியனுப்பும்போதுதான், வெளிநாட்டில் ஒரு கம்பெனி சோதித்துக்கொண்டிருக்கும் ஊசியைப் பற்றிச் சொன்னார். இன்னும் விற்பனைக்கு வரவில்லை. சோதனையில் சேர முடியாதவர்களுக்காக டாக்டர் மூலமாகக் கேட்டால், சிலருக்குத் தருகிறார்கள்.

மாமாவின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

“கம்பெனிதானே டாக்டர்? கம்பெனிக்கு எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியும்” என்றார்.

விண்ணப்பம் பதினொரு பக்கம். ஒன்பது பக்கம் டாக்டர் நிரப்ப வேண்டியது. கடைசி இரண்டு பக்கம் வீட்டாருக்கு. எனக்கு ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் அவை என் கைக்கு வந்தன. பத்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி: வாராவாரம் வீட்டிலேயே போட வேண்டிய ஊசி இது, இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் பாதுகாக்க உங்கள் வீட்டில் வசதி உண்டா?

மாமா அந்த வரியை என்னை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். அத்தனை பக்கங்களில் அவருக்குப் புரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

மூன்றே நாளில் ஒரு ஃப்ரிட்ஜ் எழுந்தது. உடம்பு ஒரு பள்ளிக்கூட ஆய்வகம் கழித்துப் போட்டது. கம்ப்ரசர் மூடிப்போன ஐஸ்கிரீம் கடையிலிருந்து வந்தது. கதவு ரப்பர் மட்டும் புதிது. சமையலறை ப்ளக்கில் மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று சொல்லி, படுக்கையறையில் அத்தையின் கட்டிலை ஒட்டியே நிறுத்தினார். கதவைத் திறக்காமலே பார்க்கும்படி தெர்மாமீட்டரின் கம்பியை வெளியே இழுத்துவிட்டார். கதவில் ஒரு தாள் ஒட்டி, தேதி, காலை, மாலை என்று கட்டம் போட்டார்.

காலை 4. மாலை 4. காலை 4. மாலை 4.

உள்ளே ஒன்றும் கிடையாது. ஆனால் யாரும் அதைத் திறக்கக் கூடாது.

“அதுக்குள்ள ஒரு டம்ளர் தண்ணி வெச்சா என்ன?” என்று அத்தை கேட்டாள். தெருமுனைக் கடையிலிருந்து காலையில் வாங்கிவரும் ஐஸ் மதியத்துக்குள் கரைந்துவிடும். அதற்குப் பிறகு அவளுக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான். அது தொண்டையில் எரிந்துகொண்டு இறங்கும்.

“தண்ணி வெச்சா எடுக்கணும். எடுத்தா திறக்கணும். திறந்தா குளிர் அவ்வளவும் கீழே கொட்டிடும். அது மருந்துக்கு.”

“மருந்து எங்கே இருக்கு?”

“வரும்.”

அன்றிலிருந்து அத்தை அந்த மருந்துக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தாள். “மாப்பிள்ளைக்கு ஏசி ரூம் ரெடி. ஆளைத்தான் காணோம்” என்று பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

பதினோராம் பக்கம் ஒரு நாட்குறிப்பு. நோயாளி ஏழு நாட்கள் எப்படி இருந்தார், என்னென்ன செய்ய முடிந்தது என்று வீட்டார் எழுத வேண்டும். மாமா கட்டில் காலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.

“எழுதும்மா. முதல் நாள். காலையில எழுந்து தானே குளிச்சா.”

“மாமா, நான்தானே தண்ணி ஊத்தினேன்?”

“ஊத்தினது நீ. குளிச்சது அவதானே?”

நான் பேனாவை எடுக்காததைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உனக்கு இந்த விவகாரம் தெரியாது. கம்பெனிக்கு எழுதும்போது மிஷின் போச்சுன்னு எழுதவே கூடாது. போச்சுன்னு தெரிஞ்சா தூக்கிப் போடும்பான், பார்ட் தரமாட்டான். மத்ததெல்லாம் நல்ல நிலைமை, இந்த ஒரு பார்ட்தான் வீக்குன்னு எழுதணும். இருபது வருஷப் பெட்டிக்கு நான் தெர்மோஸ்டாட் வரவழைச்சிருக்கேன், அப்படி எழுதித்தான்.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மாடிப்படி இறங்கிப் போய்க் காய்கறி வாங்கி வந்தாள். ஜன்னலில் நின்று, சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போன கணவரைத் தெருமுனைவரை கேட்கும்படி கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியோடு அரை மணி நேரம் சிரித்தாள். எதுவும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாளில் நடந்ததுதான். அந்த ஏழு நாட்களில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும் இந்த மருந்து என்று அந்தப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. நான் அதைப் படித்தேன். டாக்டரின் ஒன்பது பக்கங்கள் அதைச் சொல்லிவிடும் என்று நினைத்து, மாமாவுக்கு அதை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

ஐந்து வாரம் காத்திருந்தோம். கம்பெனியின் பதில் என் போனுக்குத்தான் வரும் என்பதால், மாமா வேலைக்குப் போகும் வழியில் தினமும் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துவார். இறங்கமாட்டார். நான் தலையை ஆட்டியதும் கிளம்பிவிடுவார். அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது சாப்பாட்டுப் பாத்திரத்தை வேண்டுமென்றே மறப்பதாக அம்மா சொன்னாள். அம்மா அங்கே போயிருந்த ஒரு காலையில், அவர் தெருவில் நின்று மூன்றாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். ஜன்னல் திறந்திருந்தது. குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானே மேலே ஏறிப் போய்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாராம்.

பதில் வந்த நாளில் நான் நேராக அங்கே போனேன். மாமா தரையில் மண்டியிட்டு, ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே மொழிபெயர்த்துச் சொன்னேன். நோயாளியின் அன்றாட நிலை திருப்திகரமாக இருப்பதை அறிந்து மகிழ்கிறோம். எங்களிடம் இருக்கும் மருந்து மிகக் குறைவு. இவரைவிடத் தேவை அதிகமுள்ளவர்களுக்கு முதலில் தர வேண்டியிருக்கிறது. நிலை மாறினால் புதிய நாட்குறிப்போடு மீண்டும் எழுதலாம்.

மாமா பிரஷை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார்.

“நல்லா இருக்கான்னு எழுதினோம். நல்லா இருக்கிறவளுக்கு எதுக்கு மருந்துன்னு கேட்கிறான்.” பிறகு என்னைப் பார்த்து, “நியாயம்தானே?” என்றார்.

“அந்தச் சின்ன எழுத்தை நான் படிச்சேன் மாமா. உங்ககிட்ட சொல்லல.”

அவர் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. “ரெண்டு பேரும் சேர்ந்து அப்படி என்னடி எழுதினீங்க? படி, கேட்போம்.”

நகலை எடுத்து அத்தைக்குத் தமிழில் வாசித்தேன். குளித்தது, காய்கறி, ஜன்னல், பக்கத்து வீட்டுக்காரி. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். முகத்தில் சிரிப்பு வந்தது.

“யாருடி இவ? நல்லா ஜம்முனு இருக்காளே.”

நான் நகலை மடித்தேன்.

“எனக்கும் அவளைப் பார்க்கணும் போல இருக்கு” என்றாள். பிறகு கண்ணைத் திறந்தாள். “புதுத் தாள் எடு. இப்ப நான் சொல்றேன், நீ எழுது.”

மாமா எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார்.

“எங்கே கிளம்பிட்டீங்க? உக்காருங்க. உங்க சங்கதி இல்ல, என் சங்கதி. நீங்களும் கேட்டுக்குங்க.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தானாக எழுந்து உட்கார முடியவில்லை. பாத்ரூமுக்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டும். டம்ளரை ஒரு கையால் தூக்க முடிவதில்லை. நேற்று மதியம் தன் அண்ணன் பெயரே ஞாபகம் வரவில்லை. வலி வரும்போது தலையணை உறையைக் கடித்துக்கொள்கிறாள். அதனால்தான் சத்தம் கேட்பதில்லை. மாமா அப்போதுதான் தலையணையைப் பார்த்தார். உறையின் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது.

“அப்புறம் தாகம். எழுது. எப்பப் பார்த்தாலும் தாகம்.”

“அதெல்லாம் ஃபார்ம்ல கேட்கல” என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

“கேட்கலைன்னா? இருக்கில்ல.”

எழுதினேன். இந்த முறை நல்ல வார்த்தைகளைத் தேடவில்லை.

பதினொரு நாளில் பதில் வந்தது. தருகிறோம் என்றது. ஒரு வாரத்துக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவை அனுப்பினால் முதல் பெட்டி கிளம்பும். நான் அதைச் சொன்னபோது மாமா என் தலையில் கை வைத்தார். பிறகு அதே கையை ஃப்ரிட்ஜின் மேலும் வைத்தார். அன்று மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடைக்காரர்கூட, “கூலிங், மாப்பிள்ளை கிளம்பிட்டாராமே?” என்று கேட்டார். கேட்டவருக்கெல்லாம் மாமா பெட்டியின் அளவு, உள்ளே ஐஸ் பாக்கெட் எத்தனை மணி நேரம் தாங்கும் என்றெல்லாம் விளக்கினார். சமையலறை ஃப்ரிட்ஜைத் திறந்து, குடைகளை எடுத்து வெளியே வைத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை இதையும் ஓட வைக்கிறேன் என்று அத்தையிடம் சொன்னார். தேதியும் சொன்னார்.

ரத்தப் பரிசோதனையின் முடிவை டாக்டர் கணினியில் வெகுநேரம் பார்த்தார்.

“கல்லீரல் தாங்காது. இந்த எண்ணோட அனுப்பினா அவங்க தரமாட்டாங்க. தந்தாலும் நான் போடமாட்டேன். ஆறு வாரம் முன்னாடின்னா...”



“முன்னாடின்னா?” என்றார் மாமா.

“அப்பவும் நிச்சயமாச் சொல்ல முடியாதுங்க.”

வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த நான், “மாமா, நான் அந்த வரியைச் சொல்லியிருந்தா...” என்று ஆரம்பித்தேன்.

“சொல்லியிருந்தாலும் நான் அப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பேன்” என்றார். சிக்னலில் நின்றபோது, “அவளை மோசமா எழுத எனக்குக் கை வந்திருக்காது. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே” என்றார். அதன் பிறகு இன்றுவரை எங்கள் இருவருக்கும் இடையில் அந்தப் பேச்சு வந்ததில்லை.

அறைக்குள் நுழைந்ததும் அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள்.

“மாப்பிள்ளை வரலையா?”

“வரல.”

அவள் சுவரில் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எச்சிலை விழுங்கினாள்.

“சரி, விடுங்க. ரூம் காலியாத்தானே கிடக்கு.”

மாமா சமையலறைக்குப் போனார். ஒரு டம்ளரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். ஏழு வாரமாக மூடியிருந்த ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. துடைத்துத் துடைத்து வெளுத்துப்போன நான்கு காலித் தட்டுகள். குளிர் வழிந்து எங்கள் கால்மேல் விழுந்தது. நடுத்தட்டில் டம்ளரை வைத்துக் கதவைச் சாத்தினார். தெர்மாமீட்டர் ஏழுக்கு ஏறியது. அது திரும்ப நாலுக்கு இறங்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். அதன் பிறகும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அத்தையும் தூங்காமல் கதவையே பார்த்தபடி படுத்திருந்தாள்.

எடுக்கும்போது டம்ளரின் வெளியே வேர்த்திருந்தது. தலையைத் தாங்கிப் பிடித்து, கரண்டி கரண்டியாக ஊட்டினார். முதல் வாயை அவள் விழுங்கவில்லை. வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். நான்காவது கரண்டிக்குப் பிறகு மூச்சு விட்டாள்.

“சும்மா சொல்லக் கூடாது” என்றாள். “தொழில் தெரிஞ்ச ஆளுதான்.”

மாமா சிரிக்க முயன்று, முகத்தைத் திருப்பி, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாட்கள். அவர் வேலைக்குப் போகவில்லை. கதவிலிருந்த தாளில் ‘திறந்தது’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்ந்தது. அதுவரை நாலு நாலாக இறங்கிய எண்கள் கலைந்தன. காலை 6, மாலை 8. காலை 7, மாலை 6. ஒரு நாளில் பதினாறு முறை திறந்ததாக எழுதியிருந்தார். இருபதாம் நாளிலிருந்து மறுபடியும் காலை 4, மாலை 4. ‘திறந்தது’ என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலையில் அவரைப் பார்க்கப் போனேன். சமையலறை ஃப்ரிட்ஜுக்குள் குடைகள் திரும்பப் போயிருந்தன. கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தார். இந்த ஃப்ரிட்ஜ் மட்டும் அதே இடத்தில் முனகிக்கொண்டு நின்றது. தாள் மாறியிருந்தது, அவர் கையெழுத்தில் நாலுகள் அடிவரை இறங்கியிருந்தன. அப்பா, அம்மா, வேலை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பேச்சு தீர்ந்ததும் அவர் கண் அந்தப் பக்கமாகவே போயிற்று.

“தண்ணி குடிக்கிறியாம்மா? ஜில்லுனு இருக்கும்.”

எனக்குத் தாகம் இல்லை.

“கொடுங்க மாமா” என்றேன்.

அவர் கதவைத் திறந்தார். நடுத்தட்டில் ஒரே ஒரு டம்ளர் இருந்தது, நிறைய. நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவர் டம்ளரை வாங்கி, திரும்ப நிரப்பி உள்ளே வைத்துவிட்டு, கதவில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை எடுத்தார். திறந்தது: 1. மாலை: 6.