மெஹராஜ் பேகத்தின் ஒரே லைன்

எங்கள் கூத்தாநல்லூரில் 'லைன்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஒருவர் காலத்தை ஓட்டிவிடலாம். மன்னார்குடி பஸ் போவது ஒரு லைன். கொரடாச்சேரியில் ரயில் போவதும் லைன். மாப்பிள்ளை எந்த லைனில் இருக்கிறார் என்று கேட்டால் தொழிலைக் கேட்கிறார்கள். கரண்ட் போனால் லைன்மேன் வருவார். டுடோரியல் வாசலில் பையன்கள் அடிப்பதற்கும் அதே பெயர்தான். ஆனால் தொண்ணூற்றாறில் வெறுமனே 'லைன்' என்றால் அது மெஹராஜ் பேகத்தின் போன் பூத்தைத்தான் குறிக்கும்.

எதிரே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் தெரியும். பாதி வீட்டு ஆண்கள் சவூதியில். வீட்டில் போன் இல்லாத பெண்கள் எல்லோரும் கணவன்மாருக்குக் கொடுத்திருந்தது மெஹராஜின் நம்பரைத்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அங்கே ஆண்கள் வரிசையில் நிற்பார்கள், இங்கே பெண்கள் நிற்பார்கள். போன் அடித்தால் மெஹராஜ் எடுத்து, உரியவரைக் கூப்பிட்டு, ரிசீவரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். சீக்கிரம் பேசி முடிக்கும்படி யாரிடமும் சொன்னதில்லை. தங்கமான குணம் என்று ஊரே புகழ்ந்தது. புகழாமல் என்ன, அவர்களுக்கு வசதிதானே!

மெஹராஜின் கணவர் அஹமது கபீரும் சவூதியில், தம்மாமில்தான் இருந்தார். அந்த வருடம் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்கு வந்துவிடுவதா, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, வெள்ளிக்கிழமை போனில் சொல் என்று ஊர் வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை காலை அவர் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர் தங்கியிருந்த கேம்ப்பில் போன் கிடையாது; அவர் கூப்பிட்டால்தான் உண்டு. வரச் சொல்லிவிடுவது என்று மெஹராஜ் முடிவு செய்திருந்தார். மகள் ரிஃப்கா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், அத்தா மடியில் சரியாக உட்கார்ந்ததுகூட இல்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் வழக்கம்போல் கூட்டம். தனக்கும் ஒரு போன் வரவேண்டும் என்று மெஹராஜ் யாரிடமும் சொல்லவில்லை. ரஹ்மத் பீவி மகனோடு பேச ஆரம்பித்தார். வாய்க்கால் மதகு உடைந்ததில் தொடங்கி, மருமகள் மீன் குழம்பில் புளியை அள்ளிக் கொட்டுவதுவரை வந்தும் முடியவில்லை. மெஹராஜ் ஒருமுறை கதவுவரை போனார். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அன்றுதான் அந்தத் தாய் மகனுடைய குரலைக் கேட்கிறார். மெஹராஜ் திரும்பி வந்துவிட்டார். எனக்கு விஷயம் அன்றே தெரிந்திருந்தால் நானே போய் ரிசீவரைப் பிடுங்கி வைத்திருப்பேன். ரஹ்மத் பீவிக்குப் பிறகும் ஆள் மாற்றி ஆள் பேசி, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்ன பிறகுதான் கலைந்தார்கள். அதன் பிறகு போன் அடிக்கவே இல்லை.

மறுநாள் மதியம், தைத்த ரவிக்கையைக் கொடுக்க நான் போய் நின்றபோது கபீரின் போன் வந்தது. கத்திப் பேசினார்; எனக்கும் கேட்டது.

"நேத்து எப்பப் போட்டாலும் லைன் பிஸியாவே இருந்துச்சு மெஹராஜ். கடை இவ்வளவு நல்லா ஓடுது, நான் வந்து என்ன செய்யப்போறேன்னு தோணிப் போச்சு. காலையில கையெழுத்துப் போட்டுட்டேன். நீ நல்லா இருக்கேல்ல?"

இந்தக் கேள்விக்கு அந்தப் பூத்தில் எந்தப் பெண்ணும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். மெஹராஜ் அதைச் சொல்லவில்லை.

"நல்லா இல்லீங்க. வந்துடுங்கன்னு சொல்லத்தான் நேத்து பூரா வாசல்ல நின்னேன்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். கட்டாகவில்லை. கபீர் அழுவது எனக்கும் கேட்டது.